அகத்தியருக்குப் பக்கத்து நட்சத்திரம்

போன வாரம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மெக்கானிக் அடிமூடியைக் கழற்றி, அறுந்துகிடந்த ஒயரைச் சுரண்டி, பேஸ்டைத் தொட்டு ஈயம் பற்றவைத்தார். ஒரு கீற்றுப் புகை எழும்பியது. "தள்ளி நில்லுங்கம்மா, புகை ஒத்துக்காது" என்றார். நான் தள்ளி நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருத்தி மிக்ஸிப் புகையை மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

திருவனந்தபுரம் என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசனை நினைவுக்கு வரும். கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குச் சந்தனம். சாலைக் கம்போளத்தில் சரக்கு எடுக்கப் போனவர்களுக்குத் தேங்காயெண்ணெயில் பொரியும் நேந்திரங்காய். எனக்கு இந்த ஈயப் புகைதான். கூடவே வௌவால் எச்சத்தின் நெடியும் உண்டு. நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் வௌவால் நெடிதான் அடிக்கும் என்று எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் சும்மா இருந்தேன். பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மேட்டின் மேல் இருந்த பழைய வானாய்வுக்கூடத்துக்குத் தற்காலிக உதவியாளர் தேவை. விளையாட்டாய்ப் போட்டேன், கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு நெஞ்சிடி. "ஏளா, இருட்டுனப்பெறவு நச்சத்திரம் பாக்கதுக்கு ஒரு பொம்பளப்பிள்ள மேட்டுல ஏறுவாளா? ஊரு என்ன சொல்லும்?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் ஒரு வருஷம் என்று பேச்சு. பங்குனி மாதக் கடைசியோடு வேலையும் முடியும், அம்மாவின் பொறுமையும் முடியும்.

அம்மா பயந்திருக்கவே வேண்டாம். அவளைவிடக் கண்டிப்பான ஒருவர் அங்கே எனக்காகக் காத்திருந்தார். நான் தங்கிய பெண்கள் விடுதியின் மேட்ரன். விடுதிக் கதவு ஆறரை மணிக்கு அடைக்கப்படும். நான் என் வேலை இன்னதென்று விளக்கினேன். நட்சத்திரம் ஆறரைக்கு மேல்தானே மேட்ரன் வரும் என்று கெஞ்சினேன். அவர் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஸ்டார் ஆனாலும் செரி, சூரியன் ஆனாலும் செரி. ஆறரை எந்நு பறஞ்ஞா ஆறரை."

ஆக, வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தும் சாயங்காலம் ஆனதும் கோழிக்குஞ்சைப் போலக் கூட்டுக்குள் போய்விடுகிற ஒருத்தியாக நான் ஆனேன். ஊருக்கு எழுதும்போது இதை மட்டும் எழுதவில்லை.

கூடத்துக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். எல்லோருக்கும் சார், எனக்கும் சார். வேட்டியின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பார். அவருக்குத் தபாலில் ஒரு பட்டியல் வந்திருந்தது. எங்கோ தூரதேசத்தில் புகைப்படத் தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், வெளிச்சம் மாறுகிற நட்சத்திரங்கள் சிலவற்றைப் புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்தால் போதாது. எப்போது மங்குகிறது, எத்தனை நாளுக்கொரு தரம் என்று யாராவது விடாமல் பார்த்துச் சொன்னால்தான் அது எப்படிப்பட்ட நட்சத்திரம் என்று தெரியும். பட்டியலில் ஒன்று தெற்கு வானத்தில், நம் அகத்திய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வடக்கே இருப்பவர்களுக்கு அது அடிவானத்தை விட்டு எழும்பாது, நமக்கு நன்றாகத் தெரியும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரமாக இருக்கலாம், ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையலாம் என்பது சாரின் ஊகம். அப்படி ஒரே ஒரு மங்கலைப் பிடித்துவிட்டால் மேலிடத்துக் கமிட்டி திட்டத்தை நீட்டிக்கும். திட்டம் நீண்டால் நானும் அங்கேயே இருப்பேன். இல்லையென்றால் ஊர், பெண்பார்க்கும் படலம், பஜ்ஜி.

ஆனால் உட்கார்ந்து பார்ப்பது யார்? இருந்த இரண்டு ஆய்வாளர்களுக்கும் அவரவர் நட்சத்திரம் உண்டு. எனக்கோ ஆறரை மணி. அப்போதுதான் நான் சாரிடம் சொன்னேன், நானில்லாமல் தொலைநோக்கியே பார்க்கும்படி செய்துவிடலாமே என்று. இன்றைக்கு யோசித்தால் அது ஆராய்ச்சி ஆர்வமே இல்லை, மேட்ரன் மேல் இருந்த கோபம்.

சார் எங்கிருந்தோ ஒரு மைக்ரோபிராசஸர் பலகை வாங்கித் தந்தார். சிவப்பு எண்கள் மினுங்கும், கால்குலேட்டர் மாதிரி சில பொத்தான்கள் இருக்கும். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தேன். தொலைநோக்கியை இப்படியும் அப்படியும் நகர்த்த இரண்டு மோட்டார். நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு சின்னத் துளை வழியாக, வெளிச்சத்தை மின்சாரமாக்கும் ஒரு குழாயில் விழும், அதற்கேற்ப ஒரு பேனா ஓடும் தாளில் கோடு போடும். முதலில் பளிச்சென்று தெரியும் அகத்தியரைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து மோட்டார் எண்ணி எண்ணி நகர்ந்து என் நட்சத்திரத்துக்குப் போகும். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு பக்கத்தில் மாறாத நட்சத்திரம் ஒன்றுக்குப் போகும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமல்லவா? அதற்கு நான் வைத்த பெயர் ஒப்புக்குச் சப்பாணி. மறுபடியும் என் நட்சத்திரம், மறுபடியும் சப்பாணி. அகத்தியர் மறைகிற வரை இதே ஆட்டம்.

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே, இரவில் நான் ஏது? அதனால் பட்டப்பகலில் தொலைநோக்கியைச் சாய்த்து, தூரத்து மாதாகோயில் உச்சியில் இருந்த சிலுவைக்குத் திருப்பினேன். அங்கிருந்து ஒரு தென்னையின் குருத்துக்கு. அங்கிருந்து மறுபடி சிலுவைக்கு. ஒரு மயிரிழை பிசகவில்லை. சார் கைதட்டினார். நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

தை பிறந்து வானம் தெளிந்ததும் வேலை தொடங்கியது. கரண்டு போனால் அந்தப் பலகைக்கு எல்லாம் மறந்துவிடும். எனவே தினமும் பிற்பகலில் உட்கார்ந்து அத்தனை கட்டளைகளையும் திரும்பப் பொத்தான் பொத்தானாக அமுக்கிவிட்டு, ஐந்தரைக்கு மேட்டைவிட்டு இறங்கிவிடுவேன். இருட்டியதும் அட்டெண்டர் பாஸ்கரன் சேட்டன் கூரையைத் திறந்து, அகத்தியரைப் பிடித்து, கடைசிப் பொத்தானை அமுக்குவார். அவருக்கு நட்சத்திரத்தைவிட ரேடியோ நாடகத்தில்தான் பிரியம் அதிகம்.

"நீ பொய்க்கோ மோளே, கேட்டு அடைக்கும். அகஸ்த்யனெ ஞான் பிடிச்சோளாம்" என்பார். நீ போ, கேட்டை அடைத்துவிடுவார்கள், அவரை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று, அகத்தியர் என்னவோ வீட்டு ஆட்டுக்குட்டி மாதிரி.

இறங்கும்போது கிழக்கே மலை தெரியும். அகத்தியகூடம் என்பார்கள் அங்கே. எங்கள் ஊரில் அதுவேதான் பொதிகை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த மலையின் முதுகை இங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். மலையைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வருகிறதே என்று சில நாள் தலையைக் குனிந்துகொண்டே இறங்கியிருக்கிறேன்.

விடுதியில் கஞ்சியும் பயறும் போடுவார்கள். மற்ற பெண்கள் மலையாளத்தில் வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். நான் சிரிப்பு முடிகிற இடத்தில் சேர்ந்துகொள்வேன். அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பலாமரம், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் மேட்டின் மேல் மோட்டார் நகர்ந்துகொண்டிருக்கும். நான் அமுக்கிவைத்த எண்கள் நான் இல்லாத இடத்தில் என் வேலையைச் செய்துகொண்டிருக்கும். தனியாக இருந்தது. வேறெப்படிச் சொல்ல? இன்றுவரை அந்த அளவுக்குத் தனியாக நான் இருந்ததில்லை, கணவர் போன பிறகும்கூட. இதில் இன்னொரு கூத்து, அந்த நட்சத்திரத்தை நான் கண்ணாலேயே பார்த்ததில்லை. வெறும் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. பேனா போட்ட கோடு மட்டும்தான் எனக்கு அதன் முகம்.

அந்தக் கோடோ நேராகப் போனது. தை முழுக்க நேர்க்கோடு. மாசியிலும் நேர்க்கோடு. சப்பாணியும் மாறவில்லை, என் நட்சத்திரமும் மாறவில்லை. சார் முதலில், "வரும், வரும்" என்றார். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அம்மாவிடமிருந்து ஒரு ஜாதகம் வந்து சேர்ந்தது.

மேட்ரன் அறையில் ஒரு டெலிபோன் இருந்தது. எப்படியோ கெஞ்சி, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்துக்கு ஒரு போன் செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். பேனா எப்படிப் போகிறது என்று பாஸ்கரன் சேட்டனைக் கேட்பேன், "ஒரு மாற்றமும் இல்லா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மாசிக் கடைசியில் ஒரு நாள் வழக்கம்போலக் கூப்பிட்டேன். பின்னால் ரேடியோவில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"எப்படி சேட்டா? எதாவது உண்டா?"

"கொறச்சொண்டு மோளே, கொறச்சொண்டு" என்றார் அவர்.

மேலே ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். விடுதிக்குப் போன முதல் நாள், பரிமாறுகிற அம்மா என்னிடம், "கொறச்சு சோறு வேணோ?" என்று கேட்டாள். சோற்றைக் குறைத்துப் போடட்டுமா என்கிறாளாக்கும் என்று நினைத்து, வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினேன். அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அரைப்பட்டினியாகப் படுத்த பிறகுதான், மலையாளத்தில் கொறச்சு என்றால் 'கொஞ்சம்' என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். வயிறு கற்றுத்தந்த பாடம் மறக்குமா? மறக்காது. ஆனால் இரண்டு மாதமாக ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடப்பவளின் காதில் முதலில் ஏறுவது தாய்மொழிதான். கொறச்சல் உண்டு, வெளிச்சம் குறைந்துவிட்டது என்றுதான் நான் கேட்டேன். ரிசீவரை வைத்த கையோடு, மேட்ரன் முறைப்பதைப் பொருட்படுத்தாமல், சாரின் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"சார், கொறஞ்சிட்டு சார்! நம்ம ஸ்டார் கொறஞ்சிட்டு!"

"ஆரு பறஞ்ஞு?"

"பாஸ்கரன் சேட்டன் சார்!"

"ஞான் இப்போத்தன்னெ போய் நோக்காம்" என்று போனை வைத்தார். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் கிறீச்சிட்டது.

மறுநாள் காலை நான் மேட்டில் ஏறியபோது சார் எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தார். "கொறச்சு மேகம் ஒண்டு எந்நாணு அவன் பறஞ்ஞது!" கொஞ்சம் மேகம் இருக்கிறது என்பதைத்தான் பாஸ்கரன் சேட்டன் சொல்லியிருக்கிறார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவேன் போல இருந்தது. மூலையில் நின்ற பாஸ்கரன் சேட்டன் இதில் தான் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் முழித்தார்.

சார் சிரிப்பை நிறுத்தினார். மேகம் விலகியதும், வந்ததற்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருக்கிறார். பட்டியலோடு வந்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்.

"மோளே, மெஷின் நோக்குன்னது நம்முடெ ஸ்டாரல்லா. அதின்றெ அடுத்த வீட்டுக்காரனெயாணு."

இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்திருக்கிறது. காரணம் என் பகல் சோதனைதான். சிலுவைக்கும் தென்னைக்கும் தொலைநோக்கி கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருந்தது. வானத்தைப் பார்க்க நிமிர்த்தியதும் அதன் கனம் மாறி, பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு சிறு தளர்ச்சி. ஒவ்வொரு இரவும் ஒரே அளவு பிசகு. அதனால்தான் கோட்டில் சந்தேகமே வரவில்லை. எந்த ஊர் வானியல்காரனும் தொலைநோக்கியை நட்சத்திரத்தில் வைத்துத்தான் சோதிப்பான், மாதாகோயிலில் சோதித்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். யாராவது ஒரே ஒரு முறை கண்ணை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மெஷின்தான் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பிசகைச் சரிசெய்ய, கண்ணால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே எண்களை மாற்றவேண்டும். எண்கள் எனக்கு மட்டும்தான் தெரியும். சார் மேட்ரனுக்குப் போன் செய்தார், ஒரே ஒரு சாயங்காலம் என்று. என்ன பேசினார்களோ, மேட்ரன் என் அறைக்கு வந்து, "ஞானும் வரும்" என்றார்.

அப்படித்தான், இரண்டுமே தேவைப்படாத மாசி மாத அந்தியில், ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் குடையுமாக வந்த மேட்ரனின் காவலோடு நான் மேடேறினேன். கூரை திறந்ததும் முதல் தடவையாக என் கண்ணெதிரே அந்தக் கூடத்துக்குள் இரவு வானம் வந்தது. தெற்கே அகத்தியர் அசையாமல் நின்றார். பாஸ்கரன் சேட்டன் அவரைப் பிடித்துக் கொடுத்தார், மோட்டாரை நான் ஒவ்வொரு அடியாக நகர்த்தினேன். அடுத்த வீட்டுக்காரன் வந்தான், போனான். படத்தில் என் நட்சத்திரத்துக்கு அடையாளமாக இருந்த சின்ன முக்கோணம் தெரிந்தது. அதன் கடைசி முனையில், கொஞ்சம் மஞ்சளாய், ஒரு புள்ளி. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் தோளில் துடைத்துக்கொண்டு எண்களை மாற்றினேன்.

மேட்ரன் தானும் பார்க்கவேண்டும் என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்ரயே உள்ளோ?" என்றார். இவ்வளவுதானா என்று.

"இவ்வளவுதான் மேட்ரன்" என்றேன்.

இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் இடறும் என்றுதான் பிடித்தார், ஆனால் தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை.

பங்குனி பாதியில் அது மங்கியது. காலையில் தாளை உருவியபோது கோடு மெல்ல இறங்கி, பள்ளத்தில் சற்று நின்று, மெல்ல ஏறியிருந்தது. சப்பாணி நேராக நின்றான். நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். விடுதியில் நான் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பாஸ்கரன் சேட்டன் நாடகம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சார் பேத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறார். அது மங்கியதை உலகத்தில் ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. நான் கூச்சல் போட்டேன், சார் ஓடி வந்தார், பாஸ்கரன் சேட்டன் லட்டு வாங்கி வந்தார். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடும்படி அன்றைக்கே அம்மாவுக்கு எழுதினேன்.

கமிட்டி கூடியது. திட்டத்தை நீட்டித்தார்கள், பாராட்டினார்கள். கருவி தானாகவே இயங்குவதால் உதவியாளர் பணியிடம் இனித் தேவையில்லை என்றும் எழுதினார்கள். கூரையைத் திறக்க ஓர் அட்டெண்டர் போதுமாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் ஈயத்தில் வைத்துக்கொண்டேன்.

சார் இரண்டு தடவை நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு வேட்டி முனையைத் திருகினார்.

"நின்றெ மெஷின் நன்னாயிப்போயி மோளே. அதாணு குழப்பமாயது."

உன் மெஷின் நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் வம்பாகிவிட்டது. கரண்டு போனால் யார் எண்களை அமுக்குவது என்று மட்டும் கேட்டேன். கார் பேட்டரி ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

கடைசி நாள், போவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போ என்றார் சார். நான் விடுதிக்குப் போன் செய்யக்கூட இல்லை. மேட்ரனே கூப்பிட்டு, எட்டு மணி வரை கதவு திறந்திருக்கும் என்றார். அந்தி வரை வானம் நன்றாகத்தான் இருந்தது. கூரையைத் திறக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. பாஸ்கரன் சேட்டன் அவசரமாக மூடினார். கூரையில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு மூவரும் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மலையைக் குடைந்து வரும் ரயிலில் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். பிறகு பள்ளிக்கூட வேலை, கல்யாணம், பிள்ளைகள், மிக்ஸி.

சார் இன்று இல்லை. பாஸ்கரன் சேட்டன் எங்கே என்று தெரியவில்லை. விடுதி இருந்த இடத்தில் நகைக்கடை நிற்கிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது. என் பலகையை எந்த வருஷம் காயலான் கடைக்குப் போட்டார்களோ. இப்போதெல்லாம் வானம் முழுவதையும் தொலைநோக்கிகள் தாங்களே படம் பிடிக்கின்றனவாம். புதிதாக ஒன்று மங்கினால் ஒரு தொலைநோக்கி இன்னொன்றுக்குத் தகவல் சொல்ல, அது உடனே திரும்பிப் பார்க்கிறதாம். நடுவில் ஆளே கிடையாது. பேரன் போனில் காட்டினான். என் நட்சத்திரமும் அதில் இருக்கிறது, அதன் நாட்கணக்கு புள்ளிக்கு அப்புறம் எத்தனையோ இலக்கம் துல்லியமாக. நல்ல விஷயம்தான். ஒரு நட்சத்திரம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று இன்னொரு மனுஷரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டிய காலம் போய்விட்டது. அதைப் போகவைத்தவர்களில் நானும் ஒருத்தி. என் கண்ணால் நான் அதைப் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம்.